33 அங்குல டயருக்கு எந்த ஆக்ஸில் கியர்: 3.91-ஐ விட்டுவைப்பதா, 4.56-ஆ, 4.88-ஆ, 5.29-ஆ?

அமெரிக்காவின் டென்வரிலிருந்து ஐ-70 நெடுஞ்சாலையில் மேற்கே போகிறவர்களுக்கு ஐசன்ஹோவர் சுரங்கப்பாதை தெரிந்திருக்கும். கடல் மட்டத்திலிருந்து 11,000 அடிக்கு மேலே இருக்கிறது. அதற்கு ஏறும் வழியில்தான் என் டொயோட்டா டகோமா பிக்கப்பின் குட்டு உடைந்தது. வண்டியை 3 அங்குலம் உயர்த்தும் லிஃப்ட், 33 அங்குல டயர், முன்னால் இரும்பு பம்பர், மேலே கூடாரம் என்று எல்லாம் மாட்டியாயிற்று. நிறுத்தி வைத்துப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஏற்றத்தில் மணிக்கு 60 மைலில் நான்காவது கியரைப் பிடிக்கும், இழுக்காது. மூன்றாவதுக்கு இறங்கும், எஞ்சின் 3,600 ஆர்.பி.எம்.மில் அலறும், கொஞ்சம் வேகம் வந்ததும் மறுபடி நான்காவது. சுரங்கத்துக்குள் நுழையும்வரை இதே கூத்து. சமதரையிலும் நிம்மதி இல்லை. 70 மைலில் ஒரு சின்ன மேம்பாலம் வந்தால் போதும், ஆறிலிருந்து ஐந்து, ஐந்திலிருந்து நான்கு என்று கியர்பாக்ஸ் தடுமாறும்.

விசாரித்த எல்லாரும் "ஆக்ஸில் கியரை மாத்துங்க" என்றார்கள். எந்தக் கியர் என்று கேட்டால் ஆளுக்கொரு எண். டயர் கடையில் 4.56. லிஃப்ட் போட்ட இடத்தில் 4.88. பாறைப் பாதைகளில் ஓட்டும் ஒருவர், 5.29-க்குக் கீழே போட்டால் காசு வீண் என்றார். மூன்றும் ஒரே வண்டிக்குச் சரியாக இருக்க முடியாதே என்று நானே கணக்குப் போட உட்கார்ந்தேன். என் வண்டி 2016 முதல் 2023 வரை வந்த மூன்றாம் தலைமுறை டகோமா. 3.5 லிட்டர் வி6, ஆறு கியர் ஆட்டோமேட்டிக். வேறு வண்டி வைத்திருப்பவர்கள் என் எண்ணை எடுத்துக்கொள்ள வேண்டாம், கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊர் லாரிப் பட்டறையில் 'கிரவுன் பினியன்' என்பார்களே, அதுதான் விஷயம். அமெரிக்காவில் 'ரிங் அண்ட் பினியன்' என்கிறார்கள். டிரைவ்ஷாஃப்ட்டின் நுனியில் சின்ன பினியன், அது கடித்துச் சுற்றும் பெரிய கிரவுன் வீல். 43 பல்லை 11 பல்லால் வகுத்தால் 3.91. அதாவது டிரைவ்ஷாஃப்ட் 3.91 தடவை சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. எண் கூடினால் இழுவை கூடும், அதே வேகத்துக்கு எஞ்சின் அதிகம் சுற்ற வேண்டும். பேச்சில் ஒரு குழப்பம் உண்டு: எண் பெரிதானால் அதை 'லோ கியர்' என்பார்கள். நானும் ஒரு வாரம் தலைகீழாகப் புரிந்துகொண்டிருந்தேன்.

கம்பெனி டயர் 265/70 ஆர்16, உயரம் 30.6 அங்குலம். நான் போட்டது 285/70 ஆர்17. ஊரெல்லாம் 33 என்று சொன்னாலும் கணக்குப்படி 32.7 தான். டயர் பெரிதானதால் இழுவையில் 6.4 சதவீதம் போயிற்று. என் 3.91 இப்போது 3.66 மாதிரி நடந்துகொள்கிறது. பழைய நிலைக்குத் திரும்ப 4.18 வேண்டும்.

வெறும் 6.4 சதவீதத்துக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்? எனக்கும் அதுதான் இடித்தது. டயரின் உயரம் மட்டும் குற்றவாளி இல்லை. பழைய டயர் ஒன்று சுமார் 40 பவுண்டு, புதியது 55-ஐத் தொடுகிறது. அதுவும் சுற்றுகிற எடை, ஒவ்வொரு முறை வேகமெடுக்கும்போதும் எஞ்சின் அதைத் தனியாகச் சுமக்க வேண்டும். பம்பரும் கூடாரமும் தனி. வண்டியை உயர்த்தியதால் காற்று கூடுதலாக மோதுகிறது. டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வோர் 1,000 அடிக்கும் ஏறக்குறைய 3 சதவீதச் சக்தியை இழக்கும் என்பது பொதுவான கணக்கு. காகிதத்தில் 278 குதிரைத்திறன், சுரங்கத்தின் வாசலில் சுமார் 185. போதாக்குறைக்கு இந்த எஞ்சினின் அதிகபட்ச டார்க் (சுழற்றும் விசை) வருவதே 4,600 ஆர்.பி.எம்.மில். நெடுஞ்சாலையில் அதை 1,600-ல் உருட்டிக்கொண்டு "இழுக்கவில்லை" என்று திட்டிக்கொண்டிருந்தேன்.

இதில் பாதிக் குற்றம் கம்பெனியின் ஆறாவது கியருடையது. அதன் ரேஷியோ, அதாவது பல் விகிதம், 0.58. எஞ்சினை மிகக் குறைவாகச் சுற்றவிடும் கியர், எரிபொருள் சோதனைக்காகவே வைத்ததுபோல. கம்பெனி டயரிலேயே இந்த வண்டி ஆறாவதில் நிற்காது என்று புதிதாய் வாங்கியவர்கள் குறை சொன்னது உண்டு. பெரிய டயர் அந்தக் குறையைக் கொஞ்சம் பெரிதாக்கிக் காட்டியது, அவ்வளவுதான்.

எதையும் மாற்றாமல் விடுவது என்ற வழியை முதலில் பார்க்க வேண்டும், ஏனென்றால் பலருக்கு அதுதான் சரி. கியர் லீவரை எஸ் பக்கம் தள்ளி 5-ல் வைத்தால் வண்டி ஆறாவதுக்கே போகாது. டேஷ்போர்டில் இ.சி.டி. பவர் என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் கியரைக் கொஞ்சம் அதிக நேரம் பிடித்து வைக்கும். இரண்டும் இலவசம். 33 டயர் போட்டுவிட்டு ஊருக்குள் அலுவலகம், கடை, பள்ளிக்கூடம் என்று ஓட்டுபவர் இதற்கு மேல் ஒரு டாலர்கூடச் செலவழிக்க வேண்டாம். 32 அங்குலத்துக்குள் டயர் வைத்திருப்பவருக்கும் அப்படியே. கையால் கியர் போடும் டகோமாவில் கம்பெனியே 4.30 கொடுத்திருக்கிறது. 33 டயர் போட்டாலும் அது 4.02 மாதிரிதான் ஆகும், என் வண்டி புதிதில் இருந்ததைவிட நல்ல நிலை. அவர்கள் இந்தக் கட்டுரையை இத்தோடு மூடிவிடலாம்.

கம்ப்யூட்டரை ட்யூன் செய்வது இன்னொரு வழி. கியர் மாறும் நேரத்தையும் ஆக்ஸிலரேட்டரின் சுறுசுறுப்பையும் அது திருத்தும். தடுமாற்றம் குறையும், ரீகியரின், அதாவது ஆக்ஸில் கியரை மாற்றுவதன், செலவில் ஒரு பகுதிதான் ஆகும். ஆனால் பல் எண்ணிக்கையை மென்பொருள் மாற்றாது. 11,000 அடியில் எஞ்சினுக்கு வேண்டியது அதிகச் சுற்று. அதைக் கொடுக்க ட்யூனுக்கு இருக்கும் ஒரே வழி முன்கூட்டியே கீழ் கியருக்கு இறக்குவது, நான் எஸ் பக்கம் தள்ளிச் செய்வதைத்தான் அதுவும் செய்கிறது.

மைலேஜ் போய்விட்டது என்று புலம்புவதற்கு முன் ஒன்று. டயர் பெரிதானால் ஓடோமீட்டர் குறைவாக எண்ணும். முள் 65 காட்டும்போது உண்மையில் 69.5-ல் போகிறீர்கள். காலனுக்கு 18 மைல் என்று கணக்கில் வந்தால் உண்மை 19-க்கு மேல். நான் 'இழந்த' மைலேஜில் ஒரு மைல் இப்படிப் பொய்க்கணக்கு. ரீகியர் செய்தால் மைலேஜ் திரும்பி வரும் என்று சொல்லி விற்பவர்களை நம்ப வேண்டாம். போனது காற்றிலும் எடையிலும் போயிற்று, பல்சக்கரம் அதைத் திருப்பித் தராது.

சரி, மாற்றுவது என்றே முடிவானால் எதை?

டயர் உயரத்தை ஒரு பக்கமும் கியர் எண்ணை இன்னொரு பக்கமும் போட்ட வண்ண அட்டவணைகள் எங்கும் கிடைக்கும். 33-க்கு நேரே 4.56 என்று பச்சையில் இருக்கும். அந்த அட்டவணைக்கு உங்கள் கியர்பாக்ஸ் எது என்று தெரியாது. பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: நீங்கள் வழக்கமாக ஓட்டும் வேகத்தில், கடைசி கியரில், எஞ்சின் எத்தனை சுற்றும்? கணக்கு எளிது. மைல் வேகத்தை 336-ஆல் பெருக்கி, டயர் உயரத்தால் வகுத்து, ஆக்ஸில் ரேஷியோவாலும் கடைசி கியர் ரேஷியோவாலும் பெருக்க வேண்டும்.

70 மைல் வேகம், ஆறாவது கியர், என் வண்டி:

கம்பெனி டயரில் 3.91 – சுமார் 1,740 ஆர்.பி.எம்.
33 டயரில் 3.91 – 1,630
33 டயரில் 4.56 – 1,900
33 டயரில் 4.88 – 2,040
33 டயரில் 5.29 – 2,210

இந்த ஐந்து வரியோடு ஆறாவதாக ஓர் எண்ணை வைத்துப் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது. கம்பெனி டயரில், பழைய 3.91-ல், ஐந்தாவது கியரில் 70 மைலுக்கு 2,060 ஆர்.பி.எம். அதாவது 4.88 போட்டால் என் புதிய ஆறாவது கியர், புதிதில் இருந்த ஐந்தாவது கியர் ஆகிவிடுகிறது. உபயோகமில்லாமல் கிடந்த ஆறாவது போய், உபயோகமான ஐந்தாவது அந்த இடத்துக்கு வருகிறது. மற்ற கியர்களும் அதே அளவு கீழே இறங்குகின்றன. ரீகியர் என்று நான் வாங்கப்போவது இதைத்தான்.

அப்படிப் பார்த்தால் 4.56 அரைகுறை. டயர் தின்றதைக் கழித்தால் புதிய வண்டியைவிட இழுவை 9 சதவீதம்தான் கூடும். ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே உள்ள இடைவெளியே 18 சதவீதம். அதில் பாதியிலேயே நின்றுவிட்டால் ஆறாவது இன்னும் தடுமாறும் கியராகவே இருக்கும். 4.88 கழிவு போக 17 சதவீதம் தருகிறது, கிட்டத்தட்ட ஒரு முழு கியர். 5.29 தருவது 26. பல்சக்கரத்தின் விலை மூன்றுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான், கூலியும் ஒன்றுதான். அதே காசுக்கு 4.56 எடுப்பது, முழுச் சாப்பாட்டுக்குப் பணம் கட்டிவிட்டு டிபன் சாப்பிட்டு எழுவது மாதிரி. ஊருக்குள் சாதுவாக ஓட்டுபவருக்குத்தான் 4.56 பொருந்தும், அவருக்கோ மாற்றமே தேவையில்லை என்று மேலே சொல்லிவிட்டேன்.

ஆனால் இதே 4.88-ஐ என் நண்பர் கண்ணை மூடிக்கொண்டு போட்டிருந்தால் தவறாகியிருக்கும். அவருடையது 2005 முதல் 2015 வரை வந்த இரண்டாம் தலைமுறை டகோமா. 4.0 லிட்டர் வி6, ஐந்து கியர் ஆட்டோமேட்டிக், ஆக்ஸில் 3.73. அதன் கடைசி கியர் 0.716. அதே 33 டயரில், எதையும் மாற்றாமலேயே 70 மைலுக்கு 1,920 சுற்றுகிறது, நான் பணம் கொடுத்து 4.56 போட்டால் வரும் அளவு. அவர் 4.56 போட்டால் 2,350. 4.88 போட்டால் 2,510. நாள் முழுக்க நெடுஞ்சாலையில் அந்த இரைச்சலோடு போவது ஒரு ரசனை, என்னால் முடியாது. அவருக்கு 4.56 தான் பொருத்தம், சுமை ஏற்றாதவர் என்றால் 3.73-லேயே இருக்கலாம். பெயர் ஒன்று, டயர் ஒன்று, விடை வேறு. டயர் கடைக்காரர் எனக்கு 4.56 சொன்னது பொய்யில்லை. பத்து வருடமாக அவர் அந்தப் பழைய வண்டிகளைத்தான் பார்த்திருப்பார்.

அடுத்து 5.29. இதைச் சாதாரணமாகத் தள்ளிவிட முடியவில்லை. 80 மைலில்கூட 2,520 தான் வருகிறது, இந்த எஞ்சினுக்கு அது பெரிய சுமை இல்லை. 34.4 அங்குல உயரம் உள்ள 315/70 ஆர்17 டயருக்கு, அதாவது ஊர்ப் பேச்சில் 35-க்குப் போவதாக இருந்தால் யோசிக்கவே வேண்டாம், 5.29 எடுங்கள். 70 மைலுக்கு 2,100 வரும், 33-ல் 4.88 தரும் அதே உணர்வு. அடிக்கடி டிரெய்லர் இழுப்பவருக்கும் அதுவே.

எனக்குத் தயக்கம் கொடுத்தது பினியனின் அளவு. 4.88 என்றால் 39-க்கு 8 பல், 5.29 என்றால் 37-க்கு 7 பல். பல் குறையக் குறைய பினியன் சின்னதாகிறது, ஒரு நேரத்தில் கடித்துக்கொண்டிருக்கும் பற்களின் பரப்பும் சுருங்குகிறது. முன் டிஃபரன்ஷியல் (இந்தப் பல்சக்கரங்கள் உட்காரும் கூடு) பின்னதைவிடச் சின்னது என்பதால் கவலை அங்கேதான் அதிகம். பாறையில் ஒரு சக்கரம் சிக்கி, பின்னோக்கி எடுக்கும்போது அழுத்தமாக ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் போகிற இடமும் அதுதான். பல ஆயிரம் பேர் 5.29-ஐ உடைக்காமல் ஓட்டுகிறார்கள், மறுக்கவில்லை. 35 டயர் என் திட்டத்தில் இல்லாதபோது நான் ஏன் 7 பல்லுக்குப் போக வேண்டும்?

பாதை இல்லாத இடங்களில் கிடைக்கும் லாபத்தையும் சொல்ல வேண்டும். கரடுமுரடான பாதைக்கென்றே உள்ள லோ ரேஞ்சில், முதல் கியரில், என் வண்டியின் மொத்தக் குறைப்பு 36-க்கு 1 என்று இருந்தது. 4.88-ல் அது 45 ஆகிறது, 5.29-ல் 49. ஏறுவதைவிட இறங்கும்போதுதான் இதன் அருமை தெரியும். கொலராடோவின் இமோஜீன் கணவாய் 13,114 அடி. அங்கிருந்து இறங்கும்போது ஆட்டோமேட்டிக் வண்டியில் எஞ்சின் பிடிமானம் குறைவு, பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் நாற்றமெடுக்கும். நான்கில் ஒரு பங்கு கூடுதல் குறைப்பு அங்கே உடனே காலுக்குத் தெரியும்.

இனி பட்டறை விஷயம். எந்த எண் என்பதைவிட யார் மாட்டுகிறார்கள் என்பதில்தான் அதிகம் கெடுகிறது.

நான்கு சக்கர இழுவை உள்ள வண்டியில் முன்னும் பின்னும் ஒரே ரேஷியோ இருந்தே ஆக வேண்டும். பின்னால் மட்டும் இப்போது மாற்றிவிட்டு முன்னால் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றால், அதுவரை 4x4 பொத்தானைத் தொடக்கூடாது. தொட்டால் முன்னும் பின்னும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டி, இரண்டுக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் நொறுங்கும். அமெரிக்காவில் இரண்டு பக்கமும் சேர்த்து, பொருளும் கூலியுமாக 2,000 முதல் 3,000 டாலர் வரை சாதாரணமாக ஆகிறது. டகோமாவில் பின் பக்கம் எளிது: டிஃபரன்ஷியலை மொத்தமாகக் கழற்றி மேசையில் வைத்து வேலை செய்யலாம். முன் பக்கம் இரண்டு ஓடு சேர்ந்த அமைப்பு. வண்டியிலிருந்து இறக்கி, பிளந்து, ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடு) மாற்றி, மூடி, அளந்து, சரியில்லை என்றால் மறுபடி பிளக்க வேண்டும். கூலி அங்கேதான் ஏறுகிறது.

பினியன் எவ்வளவு ஆழம் உட்கார வேண்டும், கிரவுன் வீலுக்கும் அதற்கும் எத்தனை ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குல இடைவெளி, பேரிங்கில் எவ்வளவு இறுக்கம் என்று மூன்றையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். பல்லில் மஞ்சள் பசையைத் தடவிச் சுற்றினால் எங்கே கடிக்கிறது என்று தடம் விழும். தடம் பல்லின் நடுவில் இருக்க வேண்டும். நண்பர் தன் வண்டியை மலிவாகச் செய்யும் ஓர் இடத்தில் கொடுத்தார். வந்த அன்றே 50 மைலில் ஒரு ஊளை. "ஓடினால் சரியாகிவிடும்" என்றார்கள். ஓடி சரியாகவில்லை. வேறு இடத்தில் திறந்து பார்த்தால் தடம் பல்லின் ஓரத்தில் விழுந்திருந்தது, பழைய பேரிங்குகளையே திரும்பப் போட்டிருந்தார்கள். சில நூறு டாலர் மிச்சம் பிடிக்கப் போய் முழு வேலைக்கும் இரண்டாவது தடவை பணம் கட்டினார். அதனால் நான் என் வண்டியைக் கொடுக்கும் முன் இரண்டு கேள்வி கேட்டேன்: பேரிங்கும் சீலும் புதிதா? மூடுவதற்கு முன் தடத்தைப் படம் எடுத்துத் தருவீர்களா? இரண்டாவது கேள்விக்கு முகம் சுளித்த இடத்துக்கு மறுபடி போகவில்லை.

முன் டிஃபரன்ஷியலுக்கு லாக்கர் (இரண்டு சக்கரமும் சேர்ந்தே சுற்றும்படி பூட்டும் கருவி) போடும் ஆசை என்றாவது இருந்தால் இதோடு சேர்த்துப் போட்டுவிடுங்கள். எப்படியும் பிளக்கப்போகிறார்கள், கூலி ஒரு தடவையோடு முடியும். நான் ஆசையை அடக்கிக்கொண்டேன். இப்போது கொஞ்சம் வருத்தம்தான்.

டகோமாவில் வேகமானி, சக்கரங்களில் உள்ள ஏ.பி.எஸ். சென்சாரிலிருந்து வேகத்தை எடுக்கிறது. அதனால் ஆக்ஸில் கியர் மாற்றினால் முள் கெடாது, டயர் மாற்றியதால் வந்த பிழை மட்டும் அப்படியே இருக்கும். ஜீப் கிளாடியேட்டர், ஃபோர்டு, செவர்லே வைத்திருப்பவர்கள் புதிய எண்ணை வண்டியின் கம்ப்யூட்டரில் பதிய வேண்டியிருக்கும், அந்தச் செலவையும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். வாரண்டி பற்றிப் பயமுறுத்துபவர்கள் உண்டு. வெளிப் பொருள் மாட்டிய ஒரே காரணத்துக்காக மொத்த வாரண்டியையும் ரத்து செய்ய 1975-ஆம் ஆண்டின் மேக்னஸன்–மாஸ் சட்டம் இடம் தராது. ஆனால் டிஃபரன்ஷியலே உடைந்தால் கம்பெனி கை விரிக்கும், அது நியாயமும்தான்.

நான் 4.88 போட்டேன். புதிய பல்லுக்கு முதல் 500 மைல் பத்தியம்: முதலில் 15, 20 மைல் நிதானமாக ஓட்டி முழுக்க ஆறவிட வேண்டும், அப்படிச் சில தடவை. அதுவரை டிரெய்லர் கூடாது, அழுத்தி மிதிக்கக் கூடாது. 500 மைலில் எண்ணெயை மாற்றினேன். வடிந்து வந்தது வெள்ளிப்பொடி கலந்ததுபோல் சாம்பல் நிறமாக இருந்தது. முதல் தடவை அப்படித்தான் வரும் என்று தெரிந்திருந்தும் வயிற்றைக் கலக்கியது.

அடுத்த வாரம் அதே ஏற்றம், அதே 60 மைல், அதே கூடாரம். வண்டி பறக்கவில்லை. காற்று மெலிந்த இடத்தில் பல்சக்கரம் குதிரைத்திறனைப் பெருக்காது, முன்னால் போன புதிய டர்போ டகோமா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போயிற்று. ஆனால் நான்காவது கியரில் 3,000 ஆர்.பி.எம். வைத்துக்கொண்டு, ஒரு தடவைகூட மூன்றாவதுக்கு இறங்காமல் சுரங்கத்துக்குள் நுழைந்தது. பக்கத்து இருக்கையில் மனைவி தூங்கிக்கொண்டிருந்தாள். முன்பெல்லாம் அந்த இடத்தில் எழுந்துவிடுவாள்.